மழை பெய்யாத வருஷத்து வைன்

தஞ்சாவூர்ப் பக்கம் வைன் ஊற்றிப் பிழைக்கிறவனுக்குப் பாட்டிலைத் திறப்பது சுலபம், அதற்கப்புறம் நடப்பதைத் தாங்கத்தான் தெம்பு வேண்டும். ஹோட்டலில் பரிமாறுகிற உங்களுக்குச் சொன்னால் புரியும். எங்கள் ஆற்றங்கரை ரிசார்ட்டில் இருந்தது பிரான்ஸ் நாட்டு போர்தோ சிவப்பு வைன். நல்ல வருஷத்துச் சரக்கு, விலையும் கையைக் கடிக்காது. ஆனாலும் யாரும் சீண்டவில்லை. "இன்னிக்கும் ஒரு பாட்டில் போகலைன்னா நீ திரும்ப இட்லி கவுண்டருக்கே போயிடு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று வந்தது ஒரே ஒரு குடும்பம்: நன்னிலத்து விவசாயி ஒருவர், அவர் மனைவி, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகன். வைன் ருசி பார்க்க ஆசைப்பட்டது மகன்தான்.

துப்பினேன்

ருசி பார்க்கும் முறையைச் செய்து காட்டினேன். கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து உருட்டி, பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது. தன் கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே துப்புறதையா தம்பி எங்களுக்கு ஊத்துறீங்க?"

அண்ணாந்தார்

பெரியவர் துணிச்சல்காரர். "மெதுவா, வாசனை பார்த்துட்டு..." என்று நான் சொல்வதற்குள் கிளாஸை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டார். பாதி வாய்க்கு, மீதி வெள்ளைச் சட்டைக்கு. தூண் ஓரம் நின்ற மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்பா, வாய் வச்சுக் குடிங்கப்பா" என்று மகன் கெஞ்சினான். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நாலு பேர் புழங்குற கிளாஸை எச்சில் பண்ணச் சொல்றியா?"

நல்ல வருஷம்

அடுத்து, "கடுக்காய் மாதிரி துவர்க்குதே" என்றார். இட்லி கவுண்டர் என் கண் முன்னால் வந்து நின்றது. படித்ததையெல்லாம் கொட்டினேன். "இது ரொம்ப நல்ல வருஷத்து வைனுங்க ஐயா. கோடை பூரா மழையே இல்லை, வெயில் கொளுத்துச்சு. வேர் தண்ணி தேடி ஆழத்துக்குப் போச்சு. அதனாலதான் இந்த ருசி."

பெரியவர் அதிர்ந்துபோய் என்னையே பார்த்தார். மேட்டூர் திறக்காமல் குறுவை கருகிய வருஷத்தை நல்ல வருஷம் என்று நன்னிலத்தில் எவனாவது சொன்னால் அடிதான் விழும். அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். ஓங்கப்போகிறார் என்று பயந்து நான் பின்வாங்கினேன். அவரோ அதைத் தடவிப் பார்த்தார்.

"மழை இல்லாத வருஷத்துலயும் பாடுபட்டு விளைய வச்சிருக்கான், பாவம். இன்னும் ரெண்டு பாட்டில் எடுங்க தம்பி."

பிரான்ஸ் விவசாயிக்கு நன்னிலம் கொடுத்த வறட்சி நிவாரணத்தில்தான் என் வேலை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.