அம்மாள் வந்த மீன்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் நானும் ஆறு தங்க மீன்களும் குடியிருக்கிறோம். மீன்கள் என் விருப்பமல்ல, என் கணவர் வளர்த்தவை. அவர் காலமான பிறகு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே தினமும் தீன் போட்டு வந்தேன். கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசியில் முதலில் என் கால் நோவை விசாரிப்பாள், அடுத்தது மீன்களை. என் கணவருக்கு ஆறையும் தனித்தனியே அடையாளம் தெரியும். எனக்கு ஆறும் ஒரே மீன்தான்.

ஹோலில் பெரிய தொட்டி. அது போதாதென்று குளியலறைப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் வைத்திருந்தார். புதிதாக வாங்கிய மீனைக் கொஞ்ச நாள் அதில் தனியே விட்டு, நோய் இல்லையென்று கண்ட பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பார். வருத்தம் வந்த மீனுக்கும் அதே இடம்தான். நான் அதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி.

"எனக்குக் காய்ச்சல் வந்தா இந்தக் கவனிப்பு இல்லை" என்பேன்.

"நீரும் தொட்டிக்குள்ள இறங்கும், உம்மையும் கவனிக்கிறன்" என்பார்.

ஒரு நாள் காலையில் தீன் போடும்போது பார்த்தேன். ஒரு மீனின் செட்டையிலும் வாலிலும் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளிகள். அடியில் கிடந்த கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்து, அம்மைக் கொப்புளங்களோடு கிடந்த மகளின் முதுகுதான் என் கண்ணுக்குள் வந்தது. மீனை வலையால் அள்ளிச் சின்னத் தொட்டிக்குள் விட்டு, தொட்டியை என் கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன்.

அம்மாள் வந்தால் வீட்டில் என்னென்ன செய்வோமோ, அத்தனையும் செய்தேன். கோயில் வாசலில் வேப்பிலை வாங்கி வந்து தண்ணீரில் போட்டேன். உடம்பு குளிரவேண்டுமென்று மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன், ஃபிரிட்ஜ் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அடுப்படியில் பொரியல், தாளிப்பு எல்லாம் நின்றது. மீன், இறைச்சி என்று மச்சமும் நின்றது. மீனுக்கு வருத்தமென்று மீன்குழம்பு வைக்காமல் விட்டவள் வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மீனுக்குக் கூடிக்கொண்டு போனதே தவிரக் குறையவில்லை. அடியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்து மூச்சு வாங்கியது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் வளர்த்ததில் ஒன்று போய்விடுமே என்ற கவலை மட்டுமில்லை. அந்த அறையில் என்னைத் தவிர மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

மகளை அழைத்துக் கமராவில் காட்டினேன். முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, இது அம்மாள் இல்லை. ஒரு சின்னப் பூச்சி. அதுக்குக் குளிர் கூடாது, சூடுதான் வேணும். அப்பா ஒரு ஹீட்டர் வாங்கினவரெல்லே?"

"கொழும்பு வெக்கைக்குள்ள ஹீட்டரோ எண்டு நான் சண்டை பிடிச்சது?"

"ஓம், அதுதான். முதல்ல வேப்பிலையை எடுங்கோ."

அலுமாரியில் அவருடைய சேட்டுகளுக்குப் பின்னால் ஹீட்டர் இருந்தது, பக்கத்தில் வெள்ளைப் புள்ளிக்கான நீல மருந்தும். தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கினேன். மின்விசிறியையும் நிறுத்தியதால் மீனோடு சேர்ந்து நானும் வெந்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மீன் நிமிர்ந்தது, தீன் எடுத்தது, கண்ணாடியில் விரலை வைத்தால் விரலோடு வந்தது. மத்தியானத் தூக்கத்தில் கண் விழித்தால் என் பக்கத்துக் கண்ணாடியோடுதான் நிற்கும். கரண்ட் பில் கூடியதையும், லிஃப்ட் மறுபடி பழுதானதையும் அதற்குச் சொன்னேன். அவரைப் போல அது எதிர்க்கதை கதைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னும் சின்னத் தொட்டிக்குள்ளயோ வச்சிருக்கிறியள்?" என்று மகள் கேட்டாள்.

"முழுக்கச் சுகமாகேல்லைப் பிள்ளை."

அடுத்த முறையும் அதையே சொன்னேன். அதற்கடுத்த முறை அவள் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, அதில ஒரு புள்ளியும் இல்லை."

"கமராவில தெரியாது" என்றேன்.

ஆனால் எனக்குத் தெரிந்தது. நீந்தத் தொடங்கினால் உடனே சுவர் வந்துவிடும், திரும்பும், மறுபடி சுவர் வரும். பார்க்கப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அம்மாள் மாறிச் சுகமானால் தலைக்குத் தண்ணீர் வார்த்துத்தான் ஆட்களோடு சேர்ப்பது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, மீனைப் பெரிய தொட்டிக்குள் விட்டேன். நேரே செடிகளுக்கு அடியில் போனது. மற்றவை சுற்றி வந்து பார்த்தன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து வெளியே வந்தன.

கண்ணாடியில் விரலை வைத்தேன், அதே விரலை. ஆறும் வந்தன, ஆறும் வாயைத் திறந்து தீன் கேட்டன. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு புள்ளியாவது மிச்சமிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். எல்லாவற்றுக்கும் தீன் போட்டேன்.

அன்று மகள் அழைத்தாள்.

"விட்டிட்டியளோ? எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். ஆறும் நன்றாகத்தான் இருந்தன. அதில் எது என்னோடு இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.