முதலில் தகராறு, பிறகு வாய்க்கால்

நம் கொடிக்கால் ஏன் போனது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், தண்ணீர் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன். அது பாதிப் பதில்தான். மீதியை எழுதிவிடுகிறேன்.

சோழவந்தானுக்குக் கீழே, வாய்க்காலின் கடைசியில் நம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. இரண்டு வருஷமாக வாய்க்காலை யாரும் தூர் வாரவில்லை. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊர் இரண்டு கட்சியாகக் கிடந்தது. ஒரு கட்சி மண்வெட்டி எடுத்தால் மற்ற கட்சி வராது. கொடிக்கால்காரர்களின் தலைவர் எனக்கு மாமா முறை. தகராறு தீரட்டும், பிறகு வாய்க்காலைப் பார்ப்போம் என்பார். அவர் கொடிக்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருந்தது.

ஜப்பான்காரன் சீனாவுக்குள் நுழைந்திருந்த சமயம் அது. ஐந்தாவது வரை படித்தவன் என்பதால், வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டும் கொட்டகையில் பத்திரிகை வாசிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் சீனத் தலைவர்களைப் பற்றி நீளமாகப் போட்டிருந்தார்கள். அரசாங்கத்தை நடத்துகிறவர்கள், யுத்தம் முடியட்டும், நிலச் சீர்திருத்தம் பிறகு என்கிறார்களாம். வடக்கே மலைப்பக்கம் இருக்கும் இன்னொரு கூட்டத்துத் தலைவர்களோ, குத்தகையை இப்போதே குறைத்தால்தான் குடியானவன் கூட நின்று சண்டை போடுவான் என்கிறார்களாம். நம் வாய்க்காலைப் பற்றியே எழுதியது போல எனக்கு இருந்தது. மாமாவுக்கு உறைக்கட்டும் என்று இரண்டையும் உரக்க வாசித்தேன்.

மாமா வெற்றிலை அடுக்குவதை நிறுத்தினார்.

"மாப்ள, அந்த மொதச் சங்கதியத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"கேட்டீகளாப்பா. அம்புட்டுப் பெரிய தேசத்தை ஆளுறவுகளே சண்டை முடியட்டும்னுதான் சொல்றாக. நான் சொன்னா மட்டும் குத்தமாக்கும்."

"ரெண்டாவதையும் கேட்டீகள்ல மாமா. சண்டை நடக்கையிலேயே அவுக குறைக்கிறாகளே."

"அவுக மலையில கெடக்கிறவுக. முழுத் தேசத்தையும் ஆண்டு பாத்தால்ல தெரியும்."

கவுளி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்: "மாப்ள மொதல்ல சீனாவுல தூர் வாரிட்டு வரட்டும்ணே. நம்ம வாய்க்கா எங்க போகப்போகுது."

கொட்டகையே சிரித்தது. அன்று முதல் வாய்க்கால் என்று யார் வாயெடுத்தாலும் "சீனாவுலயே..." என்று மாமா ஆரம்பித்துவிடுவார். அதுவரை அவரிடம் இல்லாத பதிலை நானே வாசித்துக் கொடுத்திருந்தேன்.

நாங்கள் நான்கு பேர் கடைமடைப் பகுதியை மட்டுமாவது வெட்டப் போனோம். வாய்க்காலே எங்களுடையது என்று நாங்கள் பாத்தியதை கொண்டாடுவதாகச் சொல்லி எதிர்க்கட்சி மறித்தது. மாமா வந்து எங்களைத்தான் கரையேறச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் பகைக்காமல் ஊரை நடத்துவது லேசில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சித்திரையில் கொடி கருகியது நமக்குத்தான். உங்கள் அம்மா காய்ந்த கொடிகளை அகத்தி மரத்திலிருந்து உருவி அடுப்பெரித்தாள். ஊரை விட்டு இந்தப் பழங்காநத்தத்துக் கடையில் மூட்டை நிறுக்க நான் வந்தது அதற்குப் பிறகுதான்.

போன மாசியில் தகராறு தீர்ந்ததாம். வாய்க்காலை வாரிவிட்டார்கள், தண்ணீர் கடைசி வரை ஓடுகிறதாம். மாமா ஆள் விட்டிருந்தார்.

"இப்ப வரச் சொல்லு மாப்ளயன்னு சொன்னாக."

"வந்து எந்தக் கொடிக்குப் பாய்ச்சன்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன். வந்தவர் அதற்குப் பிறகு வரவில்லை.