தடை போட்ட நாளில் பாடியவர்

கோமதி டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் அப்புவதற்கு ரவை பிசைந்துகொண்டிருந்தேன். அவருடைய தம்பி போனில், "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மலையில் மேகம் இறங்கி, சாரல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வருஷம் முழுக்க எங்களை இந்த மழைக்காகக் காத்திருக்க வைத்துவிட்டு, மழை வந்ததும் கிளம்பிப் போவது என்ன நியாயம்? எதையும் அவர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லிச் செய்ததில்லை. இதையும் அப்படியே செய்துவிட்டார்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். குற்றாலத்தில் வெள்ளம் ஏறி, மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடும். வேன் பிடித்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் தோளில் துண்டோடு, சிப்ஸ் தின்றுகொண்டு கடைவீதியில் சுற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற இவருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் கண். அருவிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசி வைத்திருந்தார். தடை போட்டதும் எனக்குப் போன் வரும்: "அண்ணாச்சி, தடை போட்டுட்டாவ. மிருதங்கத்தத் தூக்கிட்டு வாங்க." நான் தென்காசியில் பஸ் ஏறுவேன். தேதியில்லாத கச்சேரி. நோட்டீஸ் அடிக்க முடியாது, யாருக்கும் முன்னால் சொல்ல முடியாது. "ஒரு தேதி வச்சா என்ன டீச்சர்?" என்று சீசனுக்குச் சீசன் சண்டை போட்டிருக்கிறேன்.

"தேதி வச்சா நம்ம ஆளுகதான் வருவாவ. அவுகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்பார்.

எனக்குக் குரு கிடையாது. ரேடியோவைக் கேட்டு, தொடையில் தட்டித் தட்டிக் கற்றவன். எந்தச் சபாவுக்குப் போனாலும் முதல் கேள்வி, "யாரிட்ட படிச்சீரு?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. "நாளைக்கு மழை பேஞ்சா வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கேட்டிருந்தால் சொல்வதற்கு நல்ல பதில் வைத்திருந்தேன்.

ஒரு கச்சேரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. டீச்சர் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாகப் பாடிவிட்டு, தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தனை இளைய முகங்கள் என் கையையே பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. வாசலில் ஒருவன், "ஏலே, குளிக்க விட்டுட்டாவலே!" என்று கத்தினான். அவ்வளவுதான். துண்டை உதறிக்கொண்டு கூட்டமாக எழுந்து ஓடினார்கள். நாற்காலி இழுபட்ட சத்தத்தில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. பாதியில் நிறுத்தி, மிருதங்கத்தை உறையில் போட்டேன். டீச்சரோ விட்ட இடத்தில் பாட்டை எடுத்து, காலி நாற்காலிகளுக்கும் வாட்ச்மேனுக்கும் பாடி முடித்தார்.

"நமக்குச் சொரணை இருக்கா டீச்சர்?" என்றேன்.

"அருவிக்கு வந்த பிள்ளைக அருவிக்குப் போகுது. நாம என்ன, அருவி கூடப் போட்டிக்கா வந்தோம்?"

"நடுவுல எந்திரிக்கக் கூடாதுன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உக்காந்திருக்கும். அடுத்த தடவை இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது."

குளித்து முடித்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். "ஆண்ட்டி, மீதிப் பாட்டு இருக்கா?" என்றாள் ஒருத்தி. அந்த இருவருக்காக டீச்சர் மறுபடி உட்கார்ந்தார்; என்னையும் உறையைப் பிரிக்க வைத்தார். மண்டபம் காலியானதைச் சொல்லாமல், அந்த இரண்டு பேர் வந்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசி ஜெயிக்க முடியும்?

தென்காசியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் வேறு கூத்து. ஆண்டுக்கு ஒரு நாள் நினைவுக் கச்சேரி, ஏசி ஹால், மேடையில் அவர் படம், சிறப்பு விருந்தினர் என்று முடிவு செய்யப் பார்த்தார்கள். மழைநாள் கச்சேரிக்குப் பொறுப்பெடுக்க ஆள் இல்லை, அதை விட்டுவிடலாம் என்றும் பேச்சு. நான் எழுந்து, கூடாது என்றேன்.

"அண்ணாச்சி, தேதி வைக்கணும்னு அவங்கள்ட்ட சண்டை போட்டதே நீங்கதான?" என்றார் தலைமை வகித்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா, கேட்டேன். தரமாட்டேன்னுட்டாவ. உசுரோட இருக்கையில எனக்குத் தராதத, போன பொறவு நீரு எப்படிவே வாங்குவீரு?"

"அதுக்கில்ல அண்ணாச்சி, ஒரு மரியாதையா இருக்கும்லா?"

"இந்த ஹாலுக்கு எந்தப் பிள்ளை வரும்? நாமளே பாடி, நாமளே தலையாட்டி, நாமளே போண்டா தின்னுட்டு வீட்டுக்குப் போவோம். இதுக்கா அந்தம்மா மழையில நனைஞ்சா?"

"அப்ப யாரு நடத்துவா? நீங்களா?"

"நான்தான்" என்றேன்.

மண்டபக்காரர், "டீச்சர் முகத்துக்காகத்தான் கொடுத்தேன்" என்று இழுத்தார். அவர் கடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தொல்லை தாங்காமல் சாவியைத் தந்தார். டீச்சரோடு சேர்ந்து பாடிவந்த இலத்தூர்க்காரப் பெண் வருவதற்கு ஒத்துக்கொண்டார்.

போன வாரம் தடை போட்டார்கள். போய் வாசித்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். முன்வரிசையில் ஒருவன் கடைசிவரை கடலை கொறித்தான். தேதியில்லாமல் கச்சேரி வைப்பது தவறு என்ற என் கருத்தில் இம்மியும் மாற்றமில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பொறுமையல்ல. அது எனக்கு வராது. யார் வருவார்கள் என்று தெரியாமலே சுருதி சேர்த்து உட்காருகிற அந்தப் பிடிவாதம் வந்திருக்கிறது. எனக்கு என் சொந்தப் பிடிவாதமே போதுமானதாக இருந்தது. இப்போது இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.