என் பட்டியலின் முதல் வரி

1. நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நானே ரத்தம் எடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான்.
2. கல்லீரல் என்சைம் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. அதே ரத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதேதான்.
3. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றார்.
4. அவருக்குத் தெரியாமல் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அவர் குடிக்கிறாரா என்று அவருடைய கூட்டாளியிடம் கேட்டேன்.

நான்காவது நடந்திருக்கவே வேண்டாம்.

படிக்கிற காலத்தில், என்சைம் ஏறுவதற்கான காரணங்களை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். மது, பருமன், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, காமாலைக் கிருமிகள், மாத்திரைகள், நாட்டு மருந்து. கிருமி இல்லை என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் எல்லைக்குள் இருந்தன. தொப்பை உண்டு, ஆனால் ஸ்டாண்டில் யாருக்குத்தான் இல்லை என்று அதைத் தள்ளிவிட்டேன். மாத்திரை இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். நாட்டு மருந்துப் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்ததில் மிஞ்சியது முதல் வரி, மது.

நைனா கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கிருத்திகை தவறாமல் மலைக்கோயில் படியேறுவார். ஆடியில் பால்குடம் எடுப்பார். அதெல்லாம் தெரிந்தும்தான் கேட்டேன். கூட்டாளி சிரித்துவிட்டார். சோடா குடித்தால்கூட ஓரமாகத் திரும்பிக்கொண்டு ஏப்பம் விடுகிற ஆள் என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாளே ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆட்டோ நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒருவர் கேட்டிருக்கிறார்:

“என்னா சாமி, கொடத்துல பால்தான் எடுத்துகினு போறியா?”

அவர்களுக்கு அது விளையாட்டு. நைனா அன்று மத்தியானமே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாவியை மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவங்கிட்ட கேட்டியே, எங்கிட்ட கேட்டியாம்மா?”

அவர் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் சாப்பாடு, தண்ணீர், கரண்ட் பில் என்று தேவைக்கு மட்டும் பேசினார்.

அந்த வாரக் கடைசியில் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காகித மடிப்பு இருந்தது. உள்ளே நான்கு மாத்திரைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். இரண்டைப் பார்த்ததுமே தெரிந்தது, வலி மாத்திரைகள். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“செட்டு. இடுப்பு வலிக்கு.”

“மாத்திரை இல்லன்னு சொன்னியே நைனா.”

“டாக்டர் எழுதிக் குடுத்தா அது மாத்திரை. இது செட்டு தானே.”

சீட்டு இல்லாமல் போய் வலி என்று சொன்னால் மருந்துக்கடையில் நாலைந்தைச் சேர்த்து மடித்துத் தருவார்கள். அதற்குப் பெயர் செட்டு. நானும் காய்ச்சலுக்கு வாங்கிப் போட்டவள்தான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறார். செட்டு போடுகிறாயா என்று நான் அன்றைக்குக் கேட்டிருந்தால், ஆங் என்று சொல்லியிருப்பார். ஸ்டாண்டுப் பக்கம் நான் போயிருக்கவே மாட்டேன்.

டாக்டர் செட்டை நிறுத்தச் சொன்னார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பும் தெரிந்தது. நான் தள்ளிவிட்ட தொப்பையும் கணக்கில் உண்டு என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது நிலைமை இது. என்சைம் பாதியாக இறங்கியிருக்கிறது, இயல்புக்கு இன்னும் வரவில்லை. இடுப்பு வலி இருக்கிறது. ஸ்டாண்டில் கேலி ஓய்ந்துவிட்டது. இந்த ஆடியில் நைனா படியேறினார், பால்குடம் எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு என் கூடத்துக்கு வராமல் அரக்கோணம் போகிறார். ரிசல்ட் தாளை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார்.