வளவு வேம்பின் கீழே

ஊர்காவற்றுறைப் பட்டினத்தின் விளிம்பில், மரங்கள் அடர்ந்த எங்கள் குறுகிய ஒழுங்கையில் இன்று காலை யாரோ வேம்பு தறித்தார்கள். பச்சை மரத்தின் கைப்பு மணம் வீட்டுக்குள் வந்தது.

எனக்கு ஒன்பது வயதில், தெற்கில் கடை வைத்திருந்த அப்பா ஊருக்கு வந்து, சமைக்கும் குசினியைப் பெருப்பிப்பதற்காக எங்கள் வீட்டு வளவு வேம்பில் கோடரியை ஓங்கினார். அம்மா ஓடிவந்து மரத்தோடு சாய்ந்து நின்றார்.

“உதுக்குக் கீழைதான் பிள்ளையைத் தாட்டனான்.”

அப்பா ஊரில் இல்லாத நாளில் பிறந்து, அன்றே இறந்த அண்ணன் ஒருவன் எனக்கு இருந்ததை அப்போதுதான் அறிந்தேன்.

“ஏன் நீர் எனக்குக் காட்டேல்லை?” என்றார் அப்பா.

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”

அப்பா கோடரியை வைத்துவிட்டு மரத்தடியில் வெகுநேரம் இருந்தார்.

இன்று தறிக்கும் சத்தம் கேட்டு, கட்டிலில் கிடந்த அம்மா, “எங்கடை மரத்தையோ தறிக்கினம்?” என்று பதறினார்.

“இல்லையம்மா, அது நிக்குது.”

அவர் நம்பவில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மரத்தைத் தொடவைத்தேன்.