இரண்டாவது முறை கால் கழுவியவள்

மக்களே, இது கட்டிச் சொன்ன கதையில்லை. நேசபாய் உயிரோடிருந்தபோது அவள் வாயாலேயே மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை. பயமாயிருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

1931, பங்குனி மாதம். புதுக்கடைக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு வீடு. ஊரெல்லாம் வைசூரி. நேசபாயின் நாத்தனார் பூங்கனிக்குப் பதினாறு வயசு. அவளுக்கும் உடம்பெல்லாம் முத்துப் போட்டு, கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தோப்பின் கடைசியில் ஓலைக்குடில் கட்டி, வேப்பிலை பரப்பி, அவளைத் தனியே கிடத்தினார்கள். குடிலில் தண்ணீர்ப் பானை இருந்தது. ஆகாரம் என்றால் உச்சிநேரத்துக் கஞ்சி மட்டும்.

நேசபாயின் கணவன் கொழும்பில். மாமியார் தாணம்மாளுக்குப் பார்வை போய், இடுப்பும் விழுந்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தின தழும்பு அந்த வீட்டில் நேசபாயின் கையில் மட்டுந்தான் இருந்தது. அதனால் கஞ்சி கொண்டுபோகும் வேலை அவளுக்கு. திரும்பி வந்ததும் கொல்லையில் வேப்பிலைத் தண்ணீரால் கால் கழுவ வேண்டும். பிறகே வீட்டுக்குள் ஏறலாம்.

முதல் நாள் போனாள். அந்த முகத்தைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் பாதி வழியில் நிற்கும் பலாமரம் வரைதான் கால் நடந்தது. கஞ்சியை மரத்து மூட்டில், வேரடியில் ஊற்றினாள். காலிக் கலயத்தோடு வந்து கால் கழுவினாள்.

"குடிச்சாளா, மக்கா?" என்று மாமியார் கேட்டாள்.

"குடிச்சா."

"எம்பிள்ள என்னமும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல, மாமி."

அவளுக்கு அழுகை வரவில்லை. நெல் குத்தினாள். விளக்கு வைத்தாள். முழங்கால் போட்டு ஜெபித்தாள், வார்த்தைகள் தம்பாட்டுக்கு வந்தன. உள்ளே எதுவோ மரத்துப் போயிருந்தது. மூன்றாம் நாளும் கஞ்சி பலாமரத்துக்குத்தான். நான்காம் நாளும்.

அந்த நான்காம் நாள்...

கணவன் அனுப்பிய கொழும்புக் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. நேசபாய் கால் கழுவி அரை மணிநேரம் ஆகியிருந்தது. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம்.

சளப்... சளப்...

"ஏட்டி, இப்பந்தான் வாறியா?" கட்டிலில் இருந்து தாணம்மாள் குரல் கொடுத்தாள். "அப்பம் மொதல்ல வந்தது ஆரு?"

"நான் இஞ்சல்லா இருக்கேன், மாமி."

"எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போவல. நேத்தும் ரெண்டு தடவ கழுவினியே. ஒனக்கென்ன, ரெண்டு சோடிக் காலா?"

நேசபாய் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. கழுவுகல்லில் ஈரமாய் ஓர் இடதுகால் தடம். அதில் சுண்டுவிரல் இல்லை.

நேசபாய்க்குச் சின்ன வயசில் மண்வெட்டி பட்டுப் போனது, அந்த விரல்தான். ஆனால் அவள் வைத்த தடம் பங்குனி வெயிலில் எப்போதோ காய்ந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காலை, கவிழ்த்து வைத்த கலயத்தை எடுத்தாள். அடியில், கஞ்சி குடிக்க மடக்கிய ஒரு பலாவிலை. ஈர்க்கு இடப்பக்கமிருந்து குத்தியிருந்தது. இடக்கைக்காரியின் குத்து. அந்த வீட்டில் இடக்கைக்காரி நேசபாய் ஒருத்திதான்.

இலையில் கஞ்சி ஒட்டியிருந்தது.

தூர எறிந்தாள். அன்றும் கஞ்சி மரத்து மூட்டுக்கே போனது.

ஆறாம் நாள். கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. பலாமரத்தடியில் கலயத்தைச் சாய்க்கப் போனாள்.

முன்னால் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்.

நேசபாய் உடுத்தியிருந்த, தோளில் ஒட்டுப்போட்ட அதே சேலை. இடக்கையில் கலயம்.

ஓலை அசையவில்லை. காக்கை கத்தவில்லை.

நேசபாய் பின்னாலேயே போனாள். குடிலுக்குள்ளிருந்து பூங்கனியின் குரல்.

"மைனி, வந்தியா?"

"வந்துட்டேம், மக்கா."

பதில் சொன்னது நேசபாயின் குரல்.

நேசபாயின் வாய் மூடியிருந்தது...

வாசலுக்கு வந்தாள். உள்ளே பூங்கனி மட்டும். மூடிய கண்ணோடு, வாயைத் திறந்து காத்துக் கிடந்தாள்.

நேசபாயின் கையில் கலயம் கனத்தது. திரும்பிப் போய்விடலாம். இத்தனை நாள் ஊட்டியது எதுவோ, அது இன்றும் ஊட்டும்.

நின்றாள்.

பிறகு இடது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தன் கால்தான் என்று தெரிந்து வைத்தாள்.

முகவாயைப் பிடித்து, ஒரு வாய் ஊட்டினாள்.

"ஒன் கை என்ன மைனி, இன்னைக்கு இப்பிடித் தணுத்திருக்கு?" என்றாள் பூங்கனி. "நேத்து வரைக்கும் சூடால்லா இருந்துது."

அன்று கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் ஒரு முறைதான் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் நேசபாயே போனாள். பூங்கனி பிழைத்தாள். ஒரு கண்ணில் பார்வையும் திரும்பியது. ஆவணியில் ஒரு பகல், நேசபாய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். பலாமரம், கஞ்சி, மாமியாரிடம் சொன்ன பொய், எல்லாம். பூங்கனி திட்டவில்லை.

"அந்த தணுத்த கை எனக்கு ஊட்டிச்சே, அன்னைக்கி..."

"சொல்லு."

"நீ ஊட்டிட்டிருக்கும்போதே என் தலைமாட்டுலயும் ஒன் சத்தம் கேட்டுது மைனி. 'இனி நீயே வா. எனக்குக் கை வெந்து போச்சு'ன்னு. ஆருகிட்ட சொன்னே?"

நேசபாய் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

அவளுக்கு வைசூரி வரவே இல்லை. ஆனால் இரண்டு உள்ளங்கையிலும் குழிகுழியாய் வடு. என்றைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பிற்காலத்தில் ஊரில் எந்தக் குடிலில் யார் கிடந்தாலும், கூப்பிடும் முன்பே கலயத்தோடு போனவள் அவள். கடைசியாக அவள் கிடந்தபோது அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், மக்களே. மூச்சு நின்றது மாலை நான்கு மணிக்கு. மறுநாள் காலை பெட்டியில் வைக்கும்போதும்...

கை சூடாகவே இருந்தது.