தூணுக்குள் ஒரு பெயர்

எங்கள் கோயிலில் ஃபேனின் இறக்கைகளில்கூட உபயம் எழுதியிருக்கும். ஓர் இறக்கையில் பெயர், அடுத்ததில் ஊர், மூன்றாவதில் கடையின் பெயர். சுற்றும்போது வாசிக்க முடியாது. நின்றுபோனால் புழுக்கத்தில் வாசிக்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. இதைச் சொல்லி நான் சிரிக்கும்போதெல்லாம் என் மனைவி, "குடுத்தவங்க மனசப் பாருங்க, எழுத்தப் பாக்காதீங்க" என்பாள். பாவம், என் வாயால் அவளுக்கு வந்த வம்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

கண்டி டவுனிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் ஏறினால் அந்த அம்மன் கோயில். முன்மண்டபம் முழுக்க மரம். பலாமரத் தூண்கள், ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டவுன் வேலைக்கு இறங்கிவந்த எங்கள் ஆட்கள் போட்டது. நானும் பன்விலதான். கோயிலுக்குக் கீழேதான் என் தச்சுப் பட்டறை. இடையில் சில வருடங்கள் ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்தேன். அதை நான் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேனாம். சொன்னால் என்ன, போனேன்தானே!

அங்கே எனக்குக் கிடைத்தது கட்டட வேலை. சாரம் கட்டுவது, மரம் தூக்குவது, தச்சர்களுக்குக் கையாளாக நிற்பது. அனுப்பிய இடம் மலைக்குள் ஒரு பழைய புத்த விகாரை. அரசாங்கம் அதை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்திருந்தது. அப்படி அறிவித்துவிட்டால் சொந்தக்காரர்கூடத் தன்னிஷ்டத்துக்கு ஒரு கதவை மாற்ற முடியாது. மாற்றுவதென்றால் தலைநகரின் அனுமதி வேண்டும். பழுதுபார்க்கும் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே தரும், ஆனால் அதற்கென்றே படித்த மேற்பார்வையாளர் ஒருவர் தலைக்கு மேல் நிற்பார். அங்கே பிக்குவுக்கு மனைவி உண்டு. இதை இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த அம்மா குளிரில் நடுங்கியபடி எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவார். "ஒரு கண்ணாடி ஜன்னல் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை" என்று ஒவ்வொரு நாளும் அதையே சொல்லிச் சிரிப்பார்.

விகாரைக்கு மேல் முதலில் இன்னொரு பெரிய கூரையைப் போட்டோம். ஒரு துளி மழை உள்ளே விழக் கூடாது. பீடி சிகரெட் பேச்சே கிடையாது. ஜனவரியில் ஒரு நாள் ஊரே திரண்டுவந்து தீயணைக்கப் பழகும். நானும் விரல் விறைக்க விறைக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு எரியாத கூரைக்குத் தண்ணீர் அடித்திருக்கிறேன். அதன்பிறகு மரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இலக்கம் கட்டி அடுக்கினோம். உக்கி இற்றுப்போன பகுதியை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் அதே சாதி மரத்தைப் பொருத்தினார்கள். புது மரத்தில், வெளியே தெரியாத பக்கத்தில், எந்த வருடம் போட்டது என்று சூட்டுக்கோலால் முத்திரை வைத்தார்கள்.

"யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்கு?" என்று நான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். எங்கள் ஊராக இருந்தால் அந்த முத்திரையை நுழைவாசலில் வைத்து விளக்கும் போட்டிருப்போம்.

"இதை அடுத்துப் பிரிக்கிறவன் ஏமாறக் கூடாது. எது பழைய தச்சர்களுடையது, எது நம்முடையது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்" என்றார். நூறு வருடம் கழித்து வரப்போகிற ஒருவனைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் போலப் பேசினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இன்னொரு நாள் கூரைப்பலகை ஒன்றின் பின்புறத்தில், எப்போதோ வேலை செய்த தச்சன் ஒருவன் கிறுக்கிய மனித முகம் கிடைத்தது. மூக்கு கோணல். அதையும் துடைக்க விடாமல், அப்படியே இருந்த இடத்தில் திருப்பி வைக்கச் சொன்னார். பின்னால் வந்து சேர்ந்ததும் கட்டடத்தின் கதைதான் என்றார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தவன் கை சும்மா இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் இடதுபக்க முதல் தூணைத் தட்டினேன். பொத்தென்று சத்தம். அடிமரம் உக்கியிருந்தது. பழைய ஆட்கள் அந்தத் தூணைக் கல்லின் மேல் நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் போகும், ஈரம் காயும். பிறகு யாரோ, பலமாக இருக்கட்டும் என்று, முழங்கால் உயரத்துக்குச் சுற்றிச் சீமெந்து பூசிவிட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மண்டபம் கழுவுகிறோமே, அந்தத் தண்ணீரெல்லாம் சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. பக்தியோடு கழுவிக் கழுவியே தூணை உக்க வைத்திருக்கிறோம்!

விஷயம் கோயில் நிர்வாகச் சபைக் கூட்டத்துக்கு வந்தது. சபைத் தலைவர் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்; எல்லோருக்கும் அவர் முதலாளி. அவருடைய மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவர் எழுந்து, மண்டபம் எப்படியும் விழப்போகிறது, அதை இடித்துவிட்டுக் கொங்கிரீட்டில், டைல்ஸ் பதித்து, தன் செலவில் கட்டித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள், முகப்பு வளைவில் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஒரு தூணுல அடி உக்கினதுக்கு மண்டபத்தையே இடிப்பீங்களா? கால்ல புண்ணு வந்தா மருந்து போடுவீங்களா, கால வெட்டுவீங்களா? ஜப்பான்ல இப்படிப் பேசினா கவர்மெண்ட் புடிச்சு உள்ள போட்டுரும்!"

"ஜப்பான்ல சட்டம் இருக்கு தம்பி" என்றார் முதலாளி, குரலை உயர்த்தாமல். "இங்க என்ன சட்டம் என்னயத் தடுக்குது?"

அவர் கேட்டது சரிதான். டவுனில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் கை வைத்தால் கேட்பதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் எங்கள் மண்டபம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதோடு சும்மா இருக்க வேண்டியதுதானே? "சட்டம் இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்!" என்றேன். பின்வரிசையிலிருந்து என் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு கட்டடமா கேக்குறாரு?" என்றாள் வீட்டுக்குப் போகும் வழியில். "அந்தம்மா பேரக் கேக்குறாரு. உங்களுக்கு மரம் மட்டுந்தான் கண்ணுல தெரியுது. காலைல கடைக்குப் போயி தனியாப் பேசுங்க. வாயைக் கொஞ்சம் வீட்டுல வச்சுட்டுப் போங்க."

போனேன். முதலாளி கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு என்னைக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அதே இடதுபக்கத் தூண். சுவர்ப்பக்கமாகக் குனிந்து, சீமெந்தின் மேல் விரலை ஓட்டினார். மஞ்சள் பெயின்டுக்கு அடியில் எழுத்துகள் தட்டுப்பட்டன.

"கடை தொறந்தப்போ மொத வந்த சீமெந்துப் பையை விக்கவே விடல அவ. கோயிலுக்குக் குடுப்போம்னா. பூசி முடிச்சதும் ஈரத்துலேயே, ஊக்கால எம் பேரையும் அவ பேரையும் எழுதினா. சிரிச்சுச் சிரிச்சு எழுதினா தம்பி." விரலை எழுத்திலிருந்து எடுக்காமலே தொடர்ந்தார். "தூணை வச்சுக்கிட்டாலும் இந்தச் சீமெந்தை ஒடைச்சாத்தானே ஒன் வேலை நடக்கும்? நீ ஒடைச்சாலும் போகுது, நான் இடிச்சாலும் போகுது. போறதுதான் போகுது, எல்லாரும் பாக்குற மாதிரி பெருசா எழுதி வைக்கலாம்னு பாத்தேன்."

நான் திட்டித் தீர்த்த சீமெந்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தது. அந்தக் கோணல் மூக்குப் பலகை ஞாபகம் வந்தது. அதைத் துடைக்க விடாத மேற்பார்வையாளர் இதை மட்டும் உடைக்க விடுவாரா?

"ஒடைக்க மாட்டேன் முதலாளி. எழுத்து இருக்கிற பக்கத்த முழுசா வெட்டி எடுத்துத் தாரேன்."

"வெடிச்சுட்டா?"

"வெடிக்காது." இந்த வார்த்தையைச் சொல்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, கைமேல் உள்ள நம்பிக்கையைத் தவிர. "வெடிச்சா, நீங்க சொன்னபடியே இடிங்க. மொத அடிய நானே அடிக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வேலை தொடங்கிய அன்று பட்டறையில் பாஸ்மார் என்று நாங்கள் சொல்லும் தச்சர்கள் இருவரோடு போய், உத்தரத்துக்கு அடியில் பாரம் தூக்கும் ஜக்குகளை வைத்துக் கூரையின் பாரத்தைத் தூணிலிருந்து எடுத்தோம். முதலாளி ஒரு கதிரையைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அது அவர் கையிலேயே ஆறியது. நான் தண்ணீர் விட்டு விட்டு, சீமெந்தை மெல்ல மெல்ல அறுத்தேன். பின்பக்கம் முழுவதும் விடுபட்டு, பலகையைப் போல் அது கைக்கு வரும் நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம்.

அம்மா தாயே! முதலாளி கதிரையிலிருந்து எழுந்து வந்தார். ஒரு மூலை உடைந்து தூளாகியிருந்தது. அவர் மடியில் வாங்கி, தூசியை ஊதி, வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார். போனது அவருடைய பெயர். அந்தம்மாவின் பெயர் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எம் பேருதானே போச்சு, போகட்டும். உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குக் கல்வெட்டு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சீமெந்துத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். என் மனைவி நம்பவில்லை.

அந்தத் துண்டை மணிக்குப் பக்கத்துச் சுவரில், கழுவும் தண்ணீர் படாத உயரத்தில் பதித்தோம். இப்போது மணியடிக்கிறவர்கள் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். பிறகு தூணின் உக்கிய அடியை வெட்டி எடுத்து, புதுப் பலாமரத்தில் ஒரு காலைச் செதுக்கினேன். மேல்மரமும் கீழ்மரமும் இரண்டு கைகள் விரல்கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும். ஆணி தேவையில்லை. எதுவும் பூசாமல், பழையபடி கல்லின் மேலேயே நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

பொருத்துவதற்கு முன் ஒரு இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, புது மரத்தின் உட்பக்கத்தில் வருடத்தைச் சுட்டேன். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூடினதும் அது வெளியில தெரியாதே தம்பி?"

"தெரியாது. அடுத்து இந்தத் தூணைப் பிரிக்கிறவன் பாப்பான். நூறு வருஷம் தாங்கும். அதுக்குள்ள நாமெல்லாம் போய்ச் சேந்திருப்போம்." பிறகு சொன்னேன்: "வேணும்னா அம்மா பேரையும் இதுல சுட்டுருவோம். மண்டபம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

அவர் குனிந்து அந்த வருடத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு விரலில் பட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"சரி. பிரிக்கிறவனுக்குத் தமிழ் தெரியுமா தம்பி?"

நான் கம்பியைக் கல்லின் மேல் வைத்தேன். ஜப்பானில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. நூறு வருடம் கழித்து வருகிறவனும் தங்கள் எழுத்தை வாசிப்பான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. குடியுரிமை இல்லையென்று எங்கள் ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறியதையும், கலவரத்தில் டவுனில் எங்கள் கடைகள் எரிந்ததையும் நான் கேட்டு வளர்ந்தவன். முதலாளி கண்ணால் பார்த்தவர்.

முதலாளி என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி எடுத்தார். புது மரத்தில், வருடத்துக்குக் கீழே, கடைப் பலகைக்கு எழுதுவதைப் போல் பெரிதாக, மனைவியின் பெயரைத் தமிழில் எழுதினார்.

"தெரியாட்டித் தெரிஞ்ச ஆளத் தேடட்டும்" என்றார். "தேடினா நம்மாளு ஒருத்தன் இல்லாமயா போயிருவான்? சுடு தம்பி."

நான் கம்பியை மறுபடியும் நெருப்பில் வைத்தேன். அது நன்றாகப் பழுக்கும்வரை காத்திருந்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, ஆழமாகச் சுட்டேன்.